சீர் கொடுத்தோம், கணக்கும் கேட்டோம்

புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களில் அரசுப் பள்ளிக்குக் கல்விச் சீர் கொண்டுபோவது இப்போது வழக்கமாகிவிட்டது. கோயிலிலிருந்து ஊர்வலம் புறப்படும். தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு வைத்த தாம்பாளங்களோடு பெண்கள் முன்னே நடப்பார்கள். பின்னால் டிராக்டரில் பீரோ, நாற்காலிகள், மின்விசிறி, ஒலிபெருக்கி, கட்டுக் கட்டாக நோட்டுகள் வரும். மேளம் உண்டு, வெடி உண்டு. தலைமையாசிரியர் பள்ளி வாசலில் நின்று வரவேற்பார். அக்காள் தங்கை வீட்டு விசேஷத்துக்குச் செய்யும் முறையை அப்படியே பள்ளிக்கூடத்துக்குச் செய்கிற ஊர்கள் இவை.

எங்கள் ஊரிலும் செய்தோம். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்துவிட்டுப் போன பிறகு, வீட்டுக்கு வீடு கடன் இருந்த காலத்தில்தான் அந்தச் சீர் போனது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பையன்கள் பணம் அனுப்பினார்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் ஆளுக்கு ஐம்பதும் நூறும் போட்டார்கள். அந்தக் கொடையை ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால், பிறகு பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவராக இருந்தபோது எனக்கு உறைத்தது வேறொன்று. சீரில் வந்த மின்விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றின் கீழே ஏழாம் வகுப்புப் பெண்பிள்ளைகள், கழிப்பறைக்குப் போக வேண்டி வருமே என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். கொடுக்கத் தெரிந்த ஊருக்கு, கேட்க வேண்டியதை யாரிடம், எப்படிக் கேட்பது என்று தெரிந்திருக்கவில்லை. பதவிக் காலத்தில் கற்றுக்கொண்டவை மற்ற ஊர்ப் பெற்றோருக்கும் உதவும் என்று நம்பி எழுதுகிறேன்.

ஊர் சேர்ந்து பள்ளியைத் தாங்குவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் ஊராரின் பங்களிப்போடுதான் தொடங்கியது. அதன்பின் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் மக்கள் இடம் கொடுத்தார்கள், கட்டடம் கட்டித் தந்தார்கள், தளவாடங்கள் வாங்கித் தந்தார்கள். அந்தத் தலைமுறைக்குக் கிடைக்காத ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, அரசுப் பள்ளிகளில் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பின்தங்கிய, நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் உண்டு. பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது, வருகிற நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது ஆகியவை இந்தக் குழுவின் பொறுப்பு. பெற்றோர் அங்கே விருந்தாளியாக உட்காரவில்லை, சட்டம் கொடுத்த இடத்தில் உட்கார்கிறார்கள்.

சட்டம் இருந்தும் எங்கள் ஊரில் குழு பல ஆண்டுகள் பதிவேட்டில் மட்டும் வாழ்ந்தது. எழுதி முடித்த தீர்மானப் பதிவேடு வீடு தேடி வரும். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார்கள். 2022 மார்ச்சில் மாநிலம் முழுவதும் அரசுப் பள்ளிகளில் ஒரே நாளில் பெற்றோர் கூட்டம் நடத்தி, அதையடுத்துக் குழுக்களை மறுகட்டமைப்பு செய்தார்கள். இருபது பேர் கொண்ட குழுவுக்கு என்னைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது அப்போதுதான்.

நாங்கள் முதலில் கை வைத்தது பதிவேட்டில்தான். கூட்டத்தில் உரக்கப் படிக்காத எந்தத் தீர்மானத்திலும் கையெழுத்து இல்லை என்று முடிவு செய்தோம். என் அம்மா 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கற்றவர். புதுக்கோட்டைப் பெண்கள் கூட்டம் கூட்டமாக சைக்கிள் ஓட்டக் கற்ற காலம் அது. கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தவர்கள் அவ்வளவு பாடுபட்டு எழுதக் கற்றது, படிக்காத தாளில் பெயர் எழுதுவதற்காக அல்ல. இதைச் சொன்னபோது எங்கள் தலைமையாசிரியர் கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்களே சொல்லுங்கள் அம்மா, நான் எழுதுகிறேன்" என்றார். எல்லா ஊரிலும் இப்படி வாய்க்காது, தெரியும். ஆனாலும் கேட்டுப் பார்க்காமல் தலைமையாசிரியரைக் குறை சொல்வது நியாயமில்லை. கூட்டத்துக்கு ஆள் வராததால் தனியாக உட்கார்ந்து எழுதிப் பழகியவர்கள் அவர்களில் பலர்.

கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பதே தனி வேலை. வெள்ளிக்கிழமை பிற்பகல் என்றால் நடவு நேரத்தில் ஒருவரும் வர முடியாது. வந்தால் கூலி போகும். வயல் வேலை எந்த நேரத்தில் முடிகிறது என்று விசாரித்து அதற்குப் பிறகு வைத்தோம். வாட்ஸ்அப் குழுவில் தகவல் போட்டால் அது கணவரின் கைபேசியோடு நின்றுவிடுகிறது. அதனால் முதல் நாள் சாயங்காலமே தெருவுக்கு ஒருவர் நேரில் போய்ச் சொன்னோம். மனைவிக்குப் பதிலாகக் கணவர் வந்தால் உட்காரலாம், பேசலாம். உறுப்பினர் வரவில்லை என்றுதான் பதிவேட்டில் எழுதுவோம். இரண்டு மூன்று கூட்டத்தில் அந்தப் பெண்களே வர ஆரம்பித்தார்கள்.

தீர்மானம் எழுதுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய பதிவேட்டைப் புரட்டினால், "கழிப்பறை வசதியை மேம்படுத்த ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்று ஆண்டுக்கு ஆண்டு அதே வரி. யாரைக் கேட்டார்கள், எதைக் கேட்டார்கள் என்று அதில் இல்லை. நாங்கள் முதலில் பெரிய பெண்பிள்ளைகளைத் தனியாக உட்கார வைத்துப் பேசினோம். பிறகு எழுதினோம்: மாணவியர் கழிப்பறை மூன்று, இரண்டுக்குக் கதவு இல்லை, மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எரிந்துபோயிருக்கிறது, பயன்படுத்துவோர் இத்தனை பேர், ஊராட்சிக் குழாயிலிருந்து இணைப்பும் இரண்டு கதவுகளும் தேவை. புகைப்படங்களை இணைத்தோம்.

அடுத்த கேள்வி, எந்த அலுவலகம்? ஊரில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் கல்வித் துறையைத்தான் திட்டுவார்கள். ஆனால் ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் கட்டடம் ஊராட்சி ஒன்றியத்தின் சொத்து. பழுதுக்கு வட்டார வளர்ச்சி அலுவலரிடம் போக வேண்டும். தண்ணீரும் துப்புரவும் ஊராட்சியைச் சேர்ந்தவை. கழிப்பறையைக் கழுவும் அக்காவுக்கு மாதச் சம்பளம் வருவதும் ஊரக வளர்ச்சித் துறை வழியாகத்தான். அந்தத் தொகை மிகவும் சொற்பம். அதுவும் மாதக் கணக்கில் நிலுவையில் நிற்கும். கழிப்பறை நாறுகிறது என்று அவரிடம் சண்டை போடுவதற்கு முன், சம்பளம் வந்ததா என்று கேட்டுவிடுங்கள். ஆசிரியர் பணியிடம் என்றால் வட்டாரக் கல்வி அலுவலர். பள்ளி மானியம், மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர் என்றால் வட்டார வள மையம்.

தீர்மானத்தைக் கல்வித் துறையின் பெற்றோர் கைபேசிச் செயலியில் ஏற்றுவதோடு விட்டுவிடாமல், நகலை நேரில் கொடுத்து முத்திரையும் தேதியும் போட்ட ஒப்புகை வாங்குங்கள். அந்தச் சீட்டு இல்லையென்றால் அடுத்த முறை போகும்போது, "அப்படி எதுவும் வரவில்லையே" என்ற பதில்தான் கிடைக்கும். ஆகஸ்ட் 15 கிராம சபையில் அதே கோரிக்கையை வைத்துத் தீர்மானம் ஆக்கினோம். குழாய் இணைப்பு சீக்கிரம் வந்துவிட்டது. கதவுகள் வருவதுதான் இழுத்துக்கொண்டே போனது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில், கையில் இருந்த ஒப்புகைகளையெல்லாம் வரிசையாக இணைத்து மனு கொடுத்தோம். பிறகு கதவுகளும் வந்தன. சீருக்கு வசூலித்ததில் ஒரு துளி இருந்தால் இரண்டு கதவை நாங்களே மாட்டியிருக்கலாம். வேண்டுமென்றேதான் மாட்டவில்லை. அரசு செய்ய வேண்டியதை ஊர் ஒருமுறை செய்துவிட்டால், அடுத்த பழுதுக்கும் ஊரின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். பிள்ளைக்கு ஆபத்து என்றால் மட்டும் காத்திருக்கக் கூடாது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மாணவர்கள் மூவர் உயிரிழந்ததை எந்தப் பெற்றோரும் மறக்க முடியாது. பருவத்துக்கு ஒருமுறை உறுப்பினர்கள் சேர்ந்து பள்ளியைச் சுற்றி நடந்து, சுவர் விரிசல், ஒழுகும் கூரை, தொங்கும் மின்கம்பி எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். விரிசல் கண்ட அறையை அன்றைக்கே பூட்டச் சொல்லுங்கள்.

எங்கள் காலத்தில் இன்னொரு கல்விச் சீருக்கும் ஏற்பாடு நடந்தது. பாதையைப் பற்றிப் பேசினோம்: கோயிலில் தொடங்கி, கடைவீதி வழியாகப் பள்ளி. பட்டியல் சாதிக் குடியிருப்பைச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர் அதுவரை பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "எங்கள் தெருவிலும் பணம் வாங்கியிருக்கிறீர்கள் அக்கா. பள்ளிக்கூடத்தில் படிப்பதில் பாதிப் பேர் எங்கள் பிள்ளைகள். சீர் எங்கள் தெருவுக்கு வராதா?" கூட்டம் அமைதியாகிவிட்டது. வழக்கம் என்றார் ஒருவர். கோயிலில் தொடங்குவதால்தான் வழக்கம் குறுக்கே வருகிறது, இது பள்ளிச் சீர், எங்கிருந்தும் தொடங்கலாம் என்று நான் சொன்னேன். தலைமையாசிரியர் ஆதரித்தார். ஊர்ப் பெரியவர்களிடம் பேசுவதற்குக் கூட்டத்தைவிட அதிக நேரம் பிடித்தது. சிலர் கடைசிவரை முகம் கொடுக்கவில்லை. தங்கள் பங்கைத் திருப்பிக் கேட்ட வீடும் உண்டு. கொடுத்துவிட்டோம். ஊர்வலம் அந்தக் குடியிருப்பில் தொடங்கி, எல்லாத் தெரு வழியாகவும் பள்ளிக்குப் போனது. அதற்குப் பிறகுதான் அந்தத் தெரு அம்மாக்கள் மாதக் கூட்டத்தில் பின்வரிசையை விட்டு முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். குழுவில் விகிதப்படி இடம் கொடுப்பதோடு சட்டம் முடிந்துவிடுகிறது. அவர்கள் வாய் திறந்து பேசும்படி கூட்டம் நடத்துவது நம் கையில் இருக்கிறது.

பணத்தைப் பற்றி. சமக்ர சிக்ஷா திட்டத்தில் பள்ளிக்கு ஆண்டு மானியம் உண்டு. பிள்ளைகள் 31 முதல் 100 வரை என்றால் 25,000 ரூபாய். 101 முதல் 250 வரை என்றால் 50,000. அதில் குறைந்தது பத்து சதவீதம் தூய்மைப் பணிக்கு. இது எங்கள் குழுவில் பலருக்கு முதல்முறையாகத் தெரிந்தபோது ஏற்பட்ட சலசலப்பை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். சந்தேகத்தோடு கேட்காதீர்கள், ஆனால் கேளுங்கள். மானியம் வருவதற்கு முன்பே தேவைகளை வரிசைப்படுத்தி எழுதி வைத்தோம். வந்த பிறகு ஒவ்வொரு ரசீதையும் கூட்டத்தில் படித்தோம். வரவு செலவை அலுவலகச் சுவரில் ஒட்டினோம். கணக்கு வெளியில் தெரிவதால் முதலில் நிம்மதி அடைபவர் தலைமையாசிரியர்தான். அவரைப் பற்றி டீக்கடையில் பேசுவதற்கு அப்புறம் ஒன்றும் இருக்காது.

நன்கொடைக்கும் சில ஒழுங்குகள் வைத்தோம். உறுப்பினர் யாரும் ரொக்கமாகக் கையில் வாங்கக் கூடாது. பொருளாகக் கொடுப்பவர் ரசீதோடு கொடுக்க வேண்டும்; அன்றே இருப்புப் பதிவேட்டில் ஏற வேண்டும். பணமாகக் கொடுக்க விரும்பும் வெளிநாட்டு, வெளியூர் முன்னாள் மாணவர்களுக்கு, அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்ட 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தைக் காட்டினோம். கட்டட வேலை என்றால் 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது. பொதுவாக மூன்றில் ஒரு பங்கை ஊர் போட்டால் மீதியை அரசு போடும். எல்லாவற்றுக்கும் மேலாக, தேவைப் பட்டியலை முன்கூட்டியே ஊரில் ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் ஆளாளுக்கு மனதில் பட்டதை வாங்கி வருவார்கள். ஒரு பள்ளிக்கு எத்தனை பீரோதான் தேவைப்படும்? மின்விசிறியின் ஒவ்வோர் இறக்கையிலும் கொடுத்தவர் பெயரை எழுதுவதையும் நிறுத்தி, வாசலில் ஒரே பலகையில் எல்லாப் பெயர்களையும் எழுதினோம். ஐம்பது ரூபாய் கொடுத்தவர் பெயரும் அதில் அதே அளவு எழுத்தில் இருக்கிறது.

கணித ஆசிரியர் இடமாறுதல் கலந்தாய்வில் வேறு ஊருக்குப் போய்விட்டபோது குழுவே இரண்டாகப் பிரிந்தது. ஊரில் கணிதம் படித்த பெண் ஒருவர் வேலையில்லாமல் இருந்தார். ஊர்ப் பணத்தில் அவரை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள் பாதிப் பேர். அப்படி வைத்தால் பணியிடம் காலியாக இருப்பதே மேலே தெரியாமல் போகும் என்றார்கள் மீதிப் பேர். இரு பக்கமும் நியாயம் இருந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை இயற்கணிதம் தெரியாமல் ஒன்பதாம் வகுப்புக்கு அனுப்ப முடியாது. அந்தப் பெண்ணை வைத்தோம். கூடவே ஒவ்வொரு மாதமும் முதல் தீர்மானமாகக் காலிப் பணியிடத்தையே எழுதி வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுத்து ஒப்புகை வாங்கினோம். ஆறு முதல் எட்டு வரை அறிவியல்–கணிதம், சமூக அறிவியல், மொழி ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஓர் ஆசிரியராவது இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே உள்ளது. அந்த வரியை ஒவ்வொரு மனுவிலும் அப்படியே எழுதினோம். அடுத்த கல்வியாண்டில் நிரந்தர ஆசிரியர் வந்தார்.

இதோடு சேர்த்து ஒரு தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ஆகஸ்ட் 1. அன்றைய மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடங்களை நிர்ணயிக்கிறார்கள். தொடக்க வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 ஆனால் மூன்று. ஒரே ஒரு பிள்ளையால் ஓர் ஆசிரியர் கூடலாம், குறையலாம். சேர்க்கைக்காக வீடு வீடாகப் போவதை ஏப்ரல், மே மாதங்களிலேயே முடிக்க வேண்டும். போன வீடுகளில் சில, சீருக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்தவை; பிள்ளைகள் மட்டும் தனியார் பள்ளி வேனில் போகிறார்கள். அவர்களிடம் நான் கேட்டதெல்லாம், ஒரு நாள் எங்கள் வகுப்பறைக்கு வந்து உட்கார்ந்து பாருங்கள் என்பதுதான். சிலர் வந்தார்கள். வந்தவர்களில் ஒருவர் தன் பெண்ணை மூன்றாம் வகுப்பில் சேர்த்தார்.

எங்கள் குழுவின் துணைத் தலைவர், சக்கர நாற்காலியில் வரும் ஐந்தாம் வகுப்புப் பையனின் அம்மா. பள்ளியில் சாய்தளம் கட்டினார்கள். படிக்கட்டை மெழுகிவிட்டதுபோல் செங்குத்தாக இருந்தது. வேலை முடிந்ததென்று கையெழுத்துக்கு வந்தபோது அவர் ஒன்றும் வாதாடவில்லை. மகனை நாற்காலியில் உட்கார வைத்து, "ஒரு தடவை மேலே தள்ளிக் காட்டுங்கள் அண்ணன்" என்றார். ஒப்பந்ததாரர் தள்ளினார். பாதியில் நாற்காலி பின்னுக்கு வழுக்க, பையன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்று சிறப்புப் பயிற்றுநர் எழுதிக் கொடுத்திருந்த தாளை அந்த அம்மா அப்போதுதான் எடுத்துக் காட்டினார். இடித்து மறுபடியும் கட்டினார்கள், பக்கவாட்டில் கைப்பிடிக் குழாயோடு. அந்தச் சாய்தளத்தில் தினமும் போகப் போகிற பையனின் அம்மா குழுவில் இருந்ததால்தான் இது நடந்தது. நானாக இருந்தால் சிமெண்டு நன்றாகப் பூசியிருக்கிறார்களா என்று மட்டும் பார்த்திருப்பேன்.

ஆசிரியர்களோடு எப்படி நடந்துகொள்வது என்று புதிய உறுப்பினர்கள் கேட்பதுண்டு. வகுப்பில் நுழைந்து எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்கக் கூடாது. குறை இருந்தால் தலைமையாசிரியரிடம் தனியாக, அதிலும் தீராவிட்டால் கூட்டத்தில். டீச்சர் தாமதமாக வருகிறார் என்று புகார் வந்தபோது விசாரித்தோம். காலை பஸ்ஸின் நேரத்தை மாற்றியிருந்தார்கள். போக்குவரத்துக் கழகக் கிளைக்கு நாங்கள் ஒரு மனு எழுதினோம். பஸ் பழைய நேரத்துக்குத் திரும்பியது. பிள்ளைகளுக்கும் அது உதவியாக இருந்தது.

2024இல் குழுவை மறுபடி அமைத்தார்கள். முன்னாள் மாணவர்களுக்கும் இம்முறை இடம் கொடுத்தார்கள். விலகும்போது பதிவேட்டோடு, ஒப்புகைச் சீட்டுகள் அடங்கிய கோப்பையும் புதிய தலைவரிடம் கொடுத்தேன். நிலுவையில் இருப்பவற்றை முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தோம்: பின்பக்கச் சுற்றுச்சுவர், மதிப்பீடு ஒன்றிய அலுவலகத்தில் இருக்கிறது, துப்புரவு அக்காவின் நிலுவைச் சம்பளம், மனு எண் இருக்கிறது, ஆறாம் வகுப்பு அறையின் வடக்கு ஜன்னலுக்குக் கதவு இல்லை, இன்னும் யாரிடமும் கேட்கவில்லை. புதிய தலைவர், அன்று சீர் எங்கள் தெருவுக்கு வராதா என்று கேட்டவர். அவருடைய முதல் கூட்டத்தின் முதல் தீர்மானம் துப்புரவு அக்காவின் சம்பளத்தைப் பற்றியது.